இலவச இயங்குதளத்துக்குக் காசு கொடுத்து ஆதரவு வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் அலுவலகத்தில் 11 லினக்ஸ் சர்வர்கள் ஓடின. அவற்றில் 3 நின்றால் அன்றைய வேலையே நின்றுவிடும். மற்ற 8 நின்றால் யாராவது முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த 3 இயந்திரங்களுக்கு மட்டும் ஒரு நிறுவனத்திடம் ஆண்டுச் சந்தா வாங்கினேன். 11 இயந்திரங்களிலும் ஒரே இயங்குதளம், ஒரே பதிப்பு. சந்தா வழியாக வந்த திருத்தங்களை (பிழைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைக்கும் புதுப்பிப்புகளை) உள்ளகக் களஞ்சியம் ஒன்றில், அதாவது அலுவலகத்துக்குள்ளேயே வைத்த மென்பொருள் கிடங்கில், சேர்த்து வைத்து, அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் போட்டுவந்தேன். கட்டற்ற மென்பொருள்தானே, நகலெடுக்க உரிமமே அனுமதி தருகிறதே என்பது என் கணக்கு.

இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தலின்போது கடிதம் வந்தது. 11 இயந்திரங்களுக்கும், சந்தா தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டுக் கட்ட வேண்டுமாம். நான் உரிமத்தின் பிரிவு எண்ணைக் காட்டிப் பதில் எழுதினேன். அவர்கள் ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைக் காட்டிப் பதில் எழுதினார்கள். நான்கு மாதம் இப்படியே கழிந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நான் சொன்னதும் சரி, அவர்கள் சொன்னதும் சரி. ஆளுக்கொரு காகிதத்தை வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறோம். பணம் கட்டியது நான்.

சிறிய அல்லது நடுத்தர நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதல்முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. நான் வழக்கறிஞன் அல்லன். பெரிய தொகை புழங்கும் ஒப்பந்தமானால் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

1. உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்

உரிமம் மென்பொருளைப் பற்றியது. ஒப்பந்தம் மனிதரின் நேரத்தைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், 1991இல் வெளியான ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அந்த உரிமத்தின் 1ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். நகலை ஒப்படைக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், விரும்பினால் பணம் பெற்றுக்கொண்டு உத்தரவாதமும் தரலாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 11, 12ஆம் பிரிவுகளோ உரிமத்தின் பேரில் எந்த உத்தரவாதமும் கிடையாது என்கின்றன. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் பச்சையாகப் பேசுகிறது. அதன் 4ஆம் பிரிவின்படி நகலுக்கு எந்த விலையும் வைக்கலாம். ஆதரவையும் உத்தரவாதத்தையும் காசுக்கு விற்கலாம். அப்பாச்சி 2.0 உரிமத்தின் 9ஆம் பிரிவும் அதையே சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது: உத்தரவாதம் தருபவர் தன் சொந்தப் பொறுப்பில்தான் தர வேண்டும், அதற்காக மூல ஆசிரியர்களை இழுக்கக் கூடாது. பிஎஸ்டி உரிமம் ஒரு பக்கம்கூட வராது. 'உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்' என்பதே அதன் சாரம்.

ஆக, உரிமம் உங்களுக்குத் தருவது இயக்கவும் படிக்கவும் நகலெடுக்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவுமான உரிமை. அடுத்த மாதத்துத் திருத்தத்தை எந்த உரிமமும் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பதாகவும் வாக்களிக்கவில்லை. அவை ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எந்தப் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் மூட்டை) எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எளிது. டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஒவ்வொரு பொதியின் ஆவணக் கோப்புறையிலும் 'காப்பிரைட்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். ஆர்பிஎம் வகை இயங்குதளங்களில் பொதியின் விவரத்தைக் கேட்டால் உரிமம் தனி வரியாக வந்து நிற்கும். முக்கியமான பத்துப் பதினைந்து பொதிகளுக்காவது இதைக் குறித்து வையுங்கள். ஏன் என்பது 4ஆம் படியில் தெரியும்.

2. உங்கள் இயங்குதளம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிடும் முன் இதை முடித்துவிடுங்கள். நடைமுறையில் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகையில், தொகுத்து முடித்த பொதிகளும் திருத்தங்களும் சந்தா வைத்திருப்பவருக்கே கிடைக்கும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், சூசே லினக்ஸ் எண்டர்பிரைஸ் சர்வர் ஆகியவை இப்படிப்பட்டவை. இங்கே சந்தா இல்லையென்றால் திருத்தமே வராது. ரெட் ஹாட் 2023 ஜூனில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி எண்டர்பிரைஸ் லினக்ஸ் தொடர்பான மூலநிரல் பொதுவெளியில் அதன் முன்னோட்டப் பதிப்பான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வழியாக மட்டும் வரும். வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கு வழியாக எடுத்துக்கொள்ளலாம். இது ஜிபிஎல்லுக்குப் பொருந்துமா என்று பலர் கொதித்தார்கள். இருமப் பொதியை, அதாவது கணினி நேராக இயக்கும் வடிவில் தொகுத்ததை, யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்குத்தான் மூலநிரல் தர வேண்டும், ஊருக்கே தர வேண்டியதில்லை என்பதே உரிமத்தின் எழுத்து. எழுத்துக்குப் பொருந்துவதெல்லாம் மனத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை, எனக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் வகையில் இயங்குதளமும் வழக்கமான திருத்தங்களும் எல்லாருக்கும் இலவசம். நீண்ட காலத் திருத்தமும் ஆள் உதவியும் காசுக்கு. உபுண்டு, ஆரக்கிள் லினக்ஸ் இரண்டும் இதில் சேரும்.

மூன்றாம் வகை சமூகத்தின் கையில் இருப்பது. டெபியன், அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்றவை. டெபியன் திட்டம் ஆதரவை விற்பதில்லை. ஆனால் ஆதரவு தரும் தனியாட்கள், நிறுவனங்களின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியும் அப்படித்தான். உரிமம் எல்லாருக்கும் ஒரே உரிமையைத் தருவதால், தொழில் தெரிந்த எவரும் உங்களுக்கு ஆதரவு தரலாம். ஒருவர் பிடிக்கவில்லையென்றால் இயங்குதளத்தை மாற்றாமலே ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கட்டற்ற உரிமத்தால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பலம் இதுதான். என்னைப் போன்றவர்கள் இதை மறந்துவிட்டு முதல் விலைப்பட்டியலிலேயே விழுந்துவிடுகிறோம்.

3. விலை கேட்கும் முன் இயந்திரங்களை எண்ணுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சந்தாவின் விலையைவிட முக்கியமானது அதன் அலகு. ஒரு 'இயந்திரம்' என்றால் என்ன என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோதாக வரையறை வைத்திருக்கிறது. ரெட் ஹாட்டின் வழக்கமான சர்வர் சந்தா ஒன்று, இரண்டு பிராசசர் சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) வரை உள்ள ஓர் உண்மையான இயந்திரத்துக்கோ இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கோ பொருந்தும். நான்கு சாக்கெட் இயந்திரத்துக்கு இரண்டு சந்தா தேவை. ஒரே பெட்டிக்குள் ஏராளமான மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுபவர்களுக்கென்று சாக்கெட் இணைக்கு இவ்வளவு, மெய்நிகர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்று தனிச் சந்தா இருக்கிறது. ஆறேழு மெய்நிகர் இயந்திரங்களுக்கு மேல் போகும்போது இரண்டையும் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும்.

எண்ணும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்: சோதனை இயந்திரங்கள், பேரிடருக்கென்று அணைத்து வைத்திருக்கும் மாற்று இயந்திரம், யாரோ ஒருவர் எப்போதோ நகலெடுத்துவிட்டு மறந்துபோன மெய்நிகர் இயந்திரம், மேகக் கணிமையில் ஓடுவது. மேகத்தில் ஓடும் இயந்திரங்களுக்கு மணிக்கட்டணத்திலேயே சந்தா சேர்ந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் தனியாக வாங்குவது இரட்டைச் செலவு. அணைத்து வைத்த இயந்திரத்துக்குக் கட்டணம் உண்டா என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். வாய்ப்பதில் போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்தப் பொல்லாத உட்பிரிவு. சந்தா ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: சந்தாச் சேவைகளின் பயன் எந்தெந்த இயந்திரத்துக்குப் போகிறதோ, அத்தனைக்கும் சந்தா இருக்க வேண்டும். 'மென்பொருளை நகலெடுக்காதே' என்று அது சொல்லவில்லை. சொன்னால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு மறிக்கும். உரிமம் தந்த உரிமைகளின் மேல் புதுத் தடை விதிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஒப்பந்தம் சொல்வது வேறு. 'தாராளமாக நகலெடு, அது உன் உரிமை. ஆனால் நகலெடுத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் இனி என் சேவை கிடையாது.' உரிமத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற பாதை இது. இதுவும் மறைமுகத் தடைதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கும் அந்த வாதம் பிடிக்கும். ஆனால் நாளைக்குப் புதுப்பிக்க வேண்டிய சந்தாவை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நடத்திப் பார்க்காதீர்கள்.

என் தவறு உள்ளகக் களஞ்சியத்தில் இருந்தது. சந்தா உள்ள இயந்திரத்தின் அடையாளத்தைக் கொண்டு திருத்தங்களை இறக்கி, சந்தா இல்லாத 8 இயந்திரங்களுக்கும் ஊட்டினேன். களஞ்சியத்தை எப்படி அமைப்பது என்று ஆயிரம் குறிப்புகள் கிடைக்கின்றன. அதில் எந்த இயந்திரங்களை இணைக்கலாம் என்பதை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மட்டும் சந்தாவில் இருக்க வேண்டுமென்றால், மற்ற எட்டையும் சமூகப் பதிப்பில் வைத்து, அதன் பொதுக் களஞ்சியத்திலிருந்தே திருத்தம் எடுங்கள். இரண்டு களஞ்சியங்களும் வெவ்வேறு இயந்திரங்களில், வெவ்வேறு பெயர்களில் இருக்கட்டும். ஒரே வலையமைப்பில் இருந்தாலும் கலக்கக் கூடாது.

இலவச ஒதுக்கீடுகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். உபுண்டுவின் சந்தாவான உபுண்டு புரோ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 5 இயந்திரங்கள் வரை இலவசம். ரெட் ஹாட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தா 16 இயந்திரங்கள் வரை இலவசம். இரண்டும் தனிநபருக்கானவை. நிறுவனத்தின் சர்வரை உங்கள் சொந்தக் கணக்கில் பதிவு செய்து வைத்தால், நீங்கள் வேலையை விட்டுப் போகும் நாளில் அது யாருடைய சந்தா என்ற கேள்வி எழும். செய்யாதீர்கள்.

4. எதற்கு ஆதரவு உண்டு, எதற்கு இல்லை என்று படித்துப் பாருங்கள்

உரிமம் உங்களை மாற்ற அனுமதிக்கிறது. மாற்றியதை ஒப்பந்தம் கைகழுவுகிறது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. தான் கட்டாத சுவருக்கு எந்தக் கொத்தனாரும் பொறுப்பேற்க மாட்டார்.

கெர்னலை நீங்களே திருத்தித் தொகுத்திருந்தால், நிறுவனம் தந்த கெர்னலில் சிக்கலை மீண்டும் வரவழைத்துக் காட்டச் சொல்வார்கள். மூடிய மூலநிரல் கொண்ட டிரைவர் ஏதேனும் ஏற்றியிருந்தால், கெர்னல் தன்னைத்தானே 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்தக் குறி தெரியும். அதை நீக்கிவிட்டுச் சிக்கல் வருகிறதா என்று பாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில்.

பொதிகள் எங்கிருந்து வந்தன என்பதும் முக்கியம். ரெட் ஹாட் இயந்திரத்தில் ஈபெல் களஞ்சியத்திலிருந்து எடுத்த பொதிகளுக்கு ரெட் ஹாட்டின் ஆதரவு கிடையாது. அது சமூகத்தின் களஞ்சியம். உபுண்டுவில் 'மெயின்', 'யூனிவர்ஸ்' என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கலின் வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் மெயினுக்கு. யூனிவர்ஸ் பொதிகளுக்கும் உறுதியான திருத்தம் வேண்டுமானால் புரோ வேண்டும். உங்கள் முக்கியச் செயலி எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தான் நம்பியிருந்த தரவுத்தளக் கருவி யூனிவர்ஸில் இருப்பதை மூன்று ஆண்டு கழித்துத்தான் பார்த்தார்.

புரோ வாங்கிவிட்டால் தொலைபேசியில் ஆள் கிடைப்பார் என்றும் நினைக்க வேண்டாம். திருத்தம் வேறு, டிக்கெட் போட்டு உதவி கேட்பது வேறு. அதற்குத் தனிக் கட்டணம். ரெட் ஹாட்டிலும் 'சுய ஆதரவு' என்ற பெயரில் ஒரு நிலை உண்டு. பெயரே சொல்கிறதே: உங்களுக்கு நீங்களே துணை.

பதில் நேரத்தையும் தீர்வு நேரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெட் ஹாட்டின் பிரீமியம் நிலையில் மிகக் கடுமையான சிக்கலுக்கு 1 மணி நேரத்துக்குள் முதல் பதில், நாள் முழுவதும். ஸ்டாண்டர்ட் நிலையிலும் அதே 1 மணி நேரம்தான், ஆனால் அது அலுவலக மணி நேரம். வாரக் கடைசி மாலையில் சர்வர் விழுந்தால் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் விலை. இரண்டிலுமே வாக்களிப்பது பதிலைத்தான், தீர்வை அல்ல.

தனி ஆலோசகரையோ சிறு நிறுவனத்தையோ அமர்த்துகிறீர்கள் என்றால், 1ஆம் படியில் குறித்து வைத்த உரிமப் பட்டியல் இங்கே கைகொடுக்கும். அவர் ஜிபிஎல் பொதி ஒன்றைத் திருத்தி உங்களுக்கு இருமமாகக் கொடுத்தால், அதன் மூலநிரலைக் கேட்க உரிமமே உங்களுக்கு உரிமை தருகிறது. பிஎஸ்டி அல்லது அப்பாச்சி உரிமத்தில் உள்ளதைத் திருத்திக் கொடுத்தால் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. திருத்தத்தைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொண்டு அவர் போய்விடலாம். ஃப்ரீபிஎஸ்டி இயந்திரங்களுக்கு ஆதரவு வாங்கும்போது, 'செய்த எல்லாத் திருத்தங்களும் மூலநிரலோடு எங்களிடம் ஒப்படைக்கப்படும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் நீங்களே சேர்க்க வேண்டும். உரிமம் செய்யாததை ஒப்பந்தம் செய்யட்டும்.

5. தேதிகளைச் சுவரில் ஒட்டுங்கள்

மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன: இயங்குதளப் பதிப்பின் ஆயுள், சந்தாவின் ஆயுள், உள்பதிப்பின் (ஒரு பெரும்பதிப்புக்குள் அவ்வப்போது வரும் சிறு பதிப்பின்) ஆயுள்.

பதிப்பின் ஆயுள்: ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஒரு பெரும்பதிப்புக்கு 10 ஆண்டு. உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டு, புரோவுடன் 10. இடைப்பட்ட பதிப்புகளுக்கு வெறும் 9 மாதம். டெபியனுக்கு 3 ஆண்டு வழக்கமான திருத்தமும், தொடர்ந்து 2 ஆண்டு நீண்டகாலக் குழுவின் திருத்தமும். அதற்கு அப்பால் ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் கட்டணத்துக்கு நீட்டித்துத் தருகிறது. சூசேயிலும் வழக்கமான ஆயுள் முடிந்தபின் தனிக் கட்டணத்தில் நீட்டிப்பு உண்டு.

பத்தாண்டு என்றதும் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. அது பெரும்பதிப்புக்கு. உள்பதிப்பு ஒன்றிலேயே நின்றுவிட்டால் அதற்குத் திருத்தம் வருவது விரைவில் நின்றுவிடும். சூசேயின் 15ஆம் பதிப்பில் அடுத்த சர்வீஸ் பேக் (அவர்களின் உள்பதிப்பு) வெளிவந்த 6 மாதத்தில் பழையதற்கான பொது ஆதரவு முடிந்துவிடும். ஒரே உள்பதிப்பில் நின்றாக வேண்டும் என்று உங்கள் செயலி அடம்பிடித்தால், அதற்கான நீட்டிப்புச் சந்தாவையும் முதலிலேயே விலைக்கணக்கில் சேருங்கள்.

இலவசத்தின் ஆயுளை யாரும் ஒப்பந்தமிட்டுத் தரவில்லை என்பதற்கு, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் இலவச மறுபதிப்பான சென்ட்ஓஎஸ் 8 சாட்சி. 2029 வரை வரும் என்று நம்பியவர்களிடம், 2021 டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும் என்று ஓராண்டு முன்னால்தான் சொன்னார்கள். உரிமம் மீறப்படவே இல்லை. ஏற்கெனவே வாங்கிய நகல் இன்றும் ஓடும். திருத்தம்தான் வராது.

சந்தா முடிந்தாலும் இதே கதைதான். மென்பொருளைத் தொடர்ந்து இயக்கும் உரிமை உங்களிடமே இருக்கும். புதுத் திருத்தம் நிற்கும், டிக்கெட் போட முடியாது. இதைத் தெரிந்துகொண்டால், 'நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் சர்வரை அணைக்க வேண்டியிருக்கும்' என்ற மிரட்டலுக்குப் பதறாமல் இருக்கலாம். தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருக்கிறதா, வேண்டாம் என்று சொல்ல எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுப் புதுப்பித்தால் விட்டுப்போன காலத்துக்கும் கட்டணம் கேட்பார்களா என்றும் கேளுங்கள். கட்டணம் கையெழுத்திட்ட நாளிலிருந்தா, இயந்திரத்தைப் பதிவு செய்த நாளிலிருந்தா? எனக்கு ஆறு வாரம் இப்படி வீணாயிற்று.

6. ஆவணங்களைச் சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள்

இயந்திரப் பட்டியல் முதலில்: பெயர், உண்மையானதா மெய்நிகரா, சாக்கெட் எண்ணிக்கை, இயங்குதளப் பதிப்பு, எந்தக் களஞ்சியத்திலிருந்து திருத்தம் பெறுகிறது, சந்தாவில் இருக்கிறதா. மாதம் ஒருமுறை தேதியிட்டு ஒரு நகல் எடுத்து வையுங்கள். தணிக்கைக் கடிதம் வந்தால் உங்களைக் காப்பாற்றும் ஒரே ஆவணம் அதுதான். எட்டு இயந்திரங்களும் எந்த மாதத்திலிருந்து களஞ்சியத்தில் சேர்ந்தன என்று என்னால் காட்ட முடியவில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அடுத்து ஒப்பந்தம், அதன் எல்லா இணைப்புகளுடனும். பல ஒப்பந்தங்கள் நான்கே பக்கம் இருக்கும். மீதியெல்லாம் 'எங்கள் தளத்தில் உள்ள விதிகளின்படி' என்று ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த விதிகள் மாறக்கூடியவை. கையெழுத்திட்ட அன்றைய வடிவத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். அலகின் வரையறை பெரும்பாலும் இந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

விலைப்பட்டியல், கொள்முதல் ஆணை, எழுத்தில் வாங்கிய பதில்கள், டிக்கெட் போட அதிகாரம் பெற்றவர்களின் பெயர்கள், நீங்கள் செய்த சொந்தத் திருத்தங்களின் பட்டியல் ஆகியவையும் உடன் இருக்கட்டும். டிக்கெட்டோடு அனுப்பும் கண்டறிதல் அறிக்கையில் இயந்திரப் பெயர்கள், வலை முகவரிகள், சில நேரம் பயனர் பெயர்களும் போகும். உங்கள் நிறுவனத்தின் தரவு விதி அதை அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சர்வர் விழுந்து கிடக்கும்போது அனுமதி தேடி அலைய முடியாது.

7. செலவைக் கூட்டிப் பாருங்கள்

சந்தா விலை மட்டும் செலவல்ல. அலகு எண்ணிக்கை, ஆதரவு நிலை, உள்பதிப்பு நீட்டிப்பு, ஆயுள் முடிந்தபின் நீட்டிப்பு, இடம்பெயர்க்கும் வேலை என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி மூன்று ஆண்டுக்குக் கூட்டுங்கள். பல ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். இடையில் இயந்திரங்களைக் குறைத்தால் பணம் திரும்பி வருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வராது.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் உதவி தேவைப்படும் என்றால், சமூகப் பதிப்பும் மணிக்கட்டண ஆலோசகரும் சேர்ந்தே மலிவாக முடியும். உங்கள் முக்கியச் செயலியை விற்றவர், 'சான்று பெற்ற இயங்குதளத்தில்தான் ஆதரவு தருவோம்' என்று எழுதியிருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும். அவரது ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஈட்டுறுதி என்று ஒரு வரி இருக்கும். மென்பொருளின் பேரில் மூன்றாமவர் யாராவது உங்கள்மேல் வழக்குப் போட்டால் நிறுவனம் பொறுப்பேற்கும் என்பது அதன் பொருள். உரிமம் தராமல் சந்தா தருபவற்றில் இதுவும் ஒன்று. சிறு அலுவலகத்துக்கு இதன் மதிப்பு குறைவு. இதைக் காட்டி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள்.

8. நீங்களே ஆதரவு விற்கத் தொடங்கினால்

சிலர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு பிறருக்கும் செய்துதரத் தொடங்குவார்கள். சுருக்கமாக நான்கு எச்சரிக்கை. ஜிபிஎல் பொதிகளை இருமமாகக் கொடுத்தால், மூலநிரலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். 'கேட்டால் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாம் பதிப்பின்படி அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாக வேண்டும். மூன்றாம் பதிப்பிலோ, அந்த 3 ஆண்டோடு முடியாமல், அந்தச் சாதன மாதிரிக்கு உதிரிபாகமோ ஆதரவோ தரும் காலம் முழுவதும் அந்த வாக்கு நிற்க வேண்டும். ஆதரவு நீண்டால் கடமையும் நீளும்.

ஒரு வாடிக்கையாளரின் சந்தாவில் இறக்கிய திருத்தங்களை இன்னொருவரின் இயந்திரத்தில் போடாதீர்கள். சிக்கப்போவது நீங்கள் அல்ல, உங்களை நம்பிச் சந்தாக் கணக்கைத் தந்தவர். மாற்றித் தொகுத்த இயங்குதளத்தைப் பழைய பெயரிலேயே விற்காதீர்கள். மூலநிரல் உரிமம் பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை தருவதில்லை. வணிகக்குறிக்குத் தனி விதி உண்டு. உரிமத்தை மீறிவிட்டதாக முதல்முறை கடிதம் வந்தால், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பிவிடும். அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

9. கையெழுத்திட்ட முதல் வாரத்தில்

சந்தா வந்ததும் பதிவு செய்துவிட்டு மறந்துவிடுவது வழக்கம். ஒரு சோதனை டிக்கெட் போட்டுப் பாருங்கள். கடுமை குறைந்த, உண்மையான ஒரு கேள்வியாக இருக்கட்டும். பதில் எந்த முகவரிக்கு வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, உங்கள் கணக்கில் எத்தனை அலகுகள் காட்டுகின்றன, யாருக்கெல்லாம் டிக்கெட் போடும் அதிகாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

நான் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் இதைச் செய்தேன். இந்த முறை 3 இயந்திரங்கள் சந்தாவில், 8 சமூகப் பதிப்பில், இரண்டுக்கும் தனித்தனிக் களஞ்சியம். அலகு எண்ணிக்கை சரியாக இருந்தது. டிக்கெட் போடும் அதிகாரம் மட்டும் எனக்கு இல்லை என்று பதில் வந்தது. அதிகாரம் பெற்றவர் பட்டியலில் இருந்த ஒரே பெயர், இரண்டு ஆண்டு முன்பே வேலையை விட்டுப் போனவருடையது.